ஒன்றரைச் சுவர்

கதையில் ஆறு அறை பங்களா.
கையில் ஒன்றரைச் சுவருக்குக் காசு.
கேமரா பார்க்காத பக்கம் வீடே இல்லை என்று
தயாரிப்பாளருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.
அதையே பிடித்துக்கொண்டார்:
"அப்ப கூரையும் வேணாம்ல?"

கோத்தகிரிக்குக் கீழே
போஜன் கேரட் எடுத்து முடித்த மேடு.
இருபது நாள் வாடகை.
அப்புறம் உருளை போடணும் என்றார்,
சினிமாவுக்காகப் பட்டம் காத்திருக்காது.

ஆறு மில்லி பிளைவுட், சவுக்குக் கம்பு.
மொய்தீன் பாய் ஆணியை எண்ணித்தான் தருவார்,
வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி
மறுபடி எண்ணுவார்.
முன்பக்கம் பங்களா. திருப்பி நிறுத்தினால் ஆஸ்பத்திரி.
மீந்த அரைச் சுவர் அடகுக்கடை.

நிஜமென்று இருந்தது கதவு ஒன்றுதான்.
மேட்டுப்பாளையத்தில்
இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில்
இரண்டாயிரத்து எண்ணூறு.
பஸ் கூரையில் கட்டி ஏற்றினோம்.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
தலைக்கு மேலே யாரோ புரண்டு படுத்தார்கள்.

சுவருக்கு வயசேற்றுவது என் வேலை.
ஃபேக்டரியில் கழித்துப்போட்ட தேயிலை ஒரு சாக்கு.
அண்டாவில் கொட்டுமுன் சிவபாக்கியம்
ஒரு சிட்டிகை மோந்து பார்த்தாள்.
"எல்லாம் நாரு சார். நான் கிள்ளுன கொழுந்தா இருந்தா
இவ்வளவு நாரு வராது."
காலையில் பூசினால் மாலைக்குள் நாற்பது வயசு.
துணியை நனைத்து உச்சியில் பிழிந்தால்
பழைய மழை ஒழுகிய தடம்.
பாசிக்குப் புளித்த மோர், சாணம், பச்சைப் பொடி.
எழுபது வயசில் நிறுத்தினேன்.
டைரக்டர் தள்ளி நின்று பார்த்தார்:
"எல்லாம் ஓகே. கதவுதான் நம்புற மாதிரி இல்ல."
கதவுக்கும் இரண்டு கோட் கொடுத்தேன்.

மூடுபனி: இலவசம்
என்று பட்ஜெட்டில் எழுதியிருந்தேன்.
வந்தது. மழையையும் கூட்டிவந்தது.
ஒன்பது நாள்.
மூன்றாம் நாள் பங்களாவையே காணோம்,
டீ வாங்கப் போன பையன் அதில் முட்டிக்கொண்டு
இருக்கிறது என்று வந்து சொன்னான்.
ஆறாம் நாள் இரவு
காட்டெருமை ஒன்று வாசலில் முதுகு தேய்த்துப் போனதில்
ஆஸ்பத்திரியில் விரிசல்.
என் பச்சைப் பொடி கரைந்து ஓடிய இடத்தில்
மெத்தென்று, நான் கேட்காமல்,
பாசி.

பத்தாம் நாள் வெயில்.
டைரக்டர் சீன் பேப்பரைப் புரட்டினார்:
"முதல்ல கிரகப்பிரவேசத்தை எடுத்துரலாம்.
வீடு புத்தம் புதுசு."

மீதி ஆயிரத்து நூறு ரூபாய்.
யோசித்தேன்.
புதுசுக்கு ஒரு சன்னல் அளவு போதும்.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து,
அரை லிட்டர் வெள்ளை.
மாவிலைக்கு இந்தக் குளிரில் எங்கே போக?
சிவபாக்கியம் லைன் வீட்டுப் பின்னாலிருந்து
ஏதோ இலை ஒடித்து வந்தாள்.
ஃபோகஸுக்கு வெளியே எல்லா இலையும் மாவிலை.
கதாநாயகியிடம் ஒன்றுதான் சொன்னேன்:
"இடப்பக்கம் ஒரு சாண் நகர்ந்தா
எழுபது வருஷம் ஆயிரும்மா."
அவள் சிரித்தது டேக்கில் இருக்கிறது.

இருபதாம் நாள்
மண்வெட்டியோடு வந்த போஜன்
கடைசி ஷாட் முடியும்வரை மூச்சுவிடாமல் நின்றார்.
பிறகு அடகுக்கடை இருந்த இடத்திலிருந்து
கொத்தத் தொடங்கினார்.
பிளைவுட் அடுப்புக்குப் போய்
புகையாகவே எரிந்தது.

கதவை மட்டும் திருப்பிக் கொண்டுபோனேன்,
அதே பஸ், அதே கடை.
வாங்கிய ஆள் நகத்தால் சுரண்டி
விரலை மோந்தார். தேயிலை.
"பழசு மாதிரி பண்ணது. சினிமாக் கதவு."
உங்ககிட்ட வாங்கினதுதாங்க என்றேன்.
"என்கிட்ட இருக்கறது எல்லாம் ஒரிஜினல்."

தொள்ளாயிரம் தந்தார்.
கணக்குக்கு ரசீது கேட்டேன்.
எழுதிக் கிழித்துக் கொடுத்தார்:
டூப்ளிகேட் கதவு, ஒன்று.